உடன் இருந்தவர்

ஜூன் 3

தம்பிக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, பதறாதே. போனில் பேசினால் நானோ நீயோ பாதியில் வைத்துவிடுவோம் என்பதால்தான் கடிதம்.

மேல்வீட்டில் குழாய் உடைந்து, உன் அறைச் சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. அம்மா போன பிறகும் அந்த அறையை நான் பூட்டியேதான் வைத்திருந்தேன். பூட்டைத் திறந்தால், அலமாரிக்குக் கீழே குளம். உன் இசைத்தட்டுப் பெட்டிகள் ஏழையும் நானே கூடத்துக்கு இழுத்து வந்தேன். இருநூற்றுப் பதினான்கு தட்டுகள். முதல் இரண்டு பெட்டிகளில் உறைகள் மட்டும் ஓரம் நனைந்திருந்தன. துணி காயவைக்கும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். தட்டுகளைக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தேன்.

கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க ஒன்றே ஒன்றைப் போட்டேன். அக்கார்டியன். ஆட்டத்துக்கான இசை போலிருக்கிறது. முதலில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு யாரோ மூச்சை இழுத்து விட்ட மாதிரி அந்தத் துருத்திப் பெட்டி திறந்தது. ஈரத்துணியும் கையுமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கம் முடிந்து ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருந்ததுகூடத் தெரியவில்லை. பிறகு இரண்டாவதும் போட்டேன். மூன்றாவதும்.

தெரிவிக்க வேண்டியது என் கடமை. தெரிவித்துவிட்டேன்.

அக்கா

—

ஜூன் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். தட்டுகளைக் காப்பாற்றியதற்கு நன்றி. ஆனால் தயவுசெய்து போட்டுப் பார்க்காதே. அந்த ஊசி ஆறு வருடமாகச் சும்மா கிடந்தது. தட்டை விளிம்பில் பிடிக்க வேண்டும். உன் கை எப்போதும் வியர்க்கும், உனக்கே தெரியும். எடுப்பதற்கு முன் கையைக் கழுவு, ஈரம் போகத் துடை. படுக்கப் போடாதே, நிறுத்தி வை. இதெல்லாம் உனக்குத் தெரியாதது உன் தவறல்ல, நான்தான் உன்னைத் தொடவிட்டதில்லை.

இங்கே புது வீட்டில் ஓர் அறை ஒழிந்திருக்கிறது. எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிறேன். வண்டிக்கு ஏற்பாடு செய்கிறேன். அதுவரை பெட்டியில் போட்டு மூடிவிடு.

உறைக்குள் இருக்கும் அட்டைகள் நனைந்து ஊறியிருக்கும். அவை இனி எதற்கும் ஆகாது. எடுத்துக் கிழித்துப் போட்டுவிடு. நனையாதவற்றையும்தான். ஈரம் பரவும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

—

ஜூன் 14

தம்பிக்கு,

இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை விளிம்பைத் தவிர வேறெதையும் தொடாத கை இது. எனக்கு விளிம்பில் பிடிக்கச் சொல்லித் தருகிறாய். நீ கீறினால் ‘பழைய தட்டு, அப்படித்தான் இருக்கும்’. நான் துடைத்தாலும் சேதம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

அட்டையைக் கிழிக்கச் சொல்வது நீதானா? லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் போன முதல் மாதமே, லிஃப்டுக்குள் தொங்கும் சோதனை அட்டை மாதிரி ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அட்டை போட்டவன் நீ. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பக்கம், உடன் இருந்தவர் யார். ஊசி தேயும் கணக்குக்கு என்பாய். ஒருமுறை நான் தூசி தட்டும்போது இரண்டு அட்டையை மாற்றி வைத்ததற்கு மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. “அட்டையில பொய் எழுதுறவன் ஆளைக் கொல்றவன்” என்று அம்மாவிடம் வசனம் வேறு. கிழிக்க மாட்டேன். நான் கேட்டதையும் அதே அட்டையில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

எண் வரிசைப்படி கேட்கிறேன். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஐந்து தட்டு, சில நாள் ஏழு. விடுமுறை நாளில் கணக்கே இல்லை. இப்போது 61. புல்லாங்குழல்காரர் ஒருவர் ஒரு இடத்தில் மூச்சு வாங்குவது கேட்கிறது. அந்த மூச்சுக்காக அதைத் திரும்பத் திரும்பப் போட்டேன். இந்த வீட்டில் இத்தனை இருந்தும் எனக்குக் கிடைத்தது சாத்திய கதவுக்கு வெளியே கசிந்ததுதான்.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் நடையில் இருக்கும் தேநீர்க் கறையைத் தாண்டித்தான் போகிறேன். அன்று எனக்கு விடுமுறை. கடையில் அவசரம் என்று கூப்பிட்டார்கள். “நீ வீட்ல இருப்பியா?” என்று உன்னைக் கேட்டேன். “இருக்கேன், போ” என்று நீ சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, “ரெண்டு மணிக்குக் கிளம்பணும்னு அக்காகிட்ட சொல்லியிருந்தேன், வேலை அவசரத்துல காதுல வாங்கல” என்றாய். சித்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. அம்மா எப்போதும் போல மூன்று மணிக்குத் தேநீர் போட்டு, இரண்டு கப்போடு நடையில் விழுந்து, ஐந்து மணி வரை கிடந்திருக்கிறாள். “மூணு மணிக்கே கொண்டாந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்” என்றார் டாக்டர். அந்த இரண்டாவது கப் எனக்கு என்று நீதான் சொன்னாய். நான் சீக்கிரம் வருவேன் என்று நினைத்திருப்பாளாம்.

அதன் பிறகு நாலு வருடம் அவளைத் தூக்கிக் கிடத்தினேன். வேறு ஊர்க் கிளைக்குப் பொறுப்பாளராகப் போகச் சொன்னார்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அன்பினால் செய்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் செய்தேன். நீ வேலை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய். அவள் காதில் வைப்பேன். அவள் முனக ஆரம்பித்ததும் உன் லைனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். “அக்கா, லைன் சரியில்ல.”

பேச்சு போன பிறகு அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு ராகம். மூன்று படி ஏறும், நிற்கும், ஒரு படி வழுக்கி இறங்கும். “என்ன பாட்டும்மா இது?” என்று கேட்டால் உன் அறைக் கதவைப் பார்ப்பாள். அந்தக் கதவை நான் திறந்தால் மட்டும் நல்ல கையால் கட்டிலை அடிப்பாள். அதனால்தான் பூட்டினேன். அந்த ராகம் உன் தட்டுகளில் எதிலாவது இருக்குமோ என்று ஒரு நப்பாசை. 61 வரை இல்லை.

அக்கா

—

ஜூன் 20

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வரும். ஓட்டுநர் நம்பகமானவர். எல்லாப் பெட்டியையும் கொடுத்துவிடு.

கடைசிப் பெட்டியைத் திறக்கவே திறக்காதே. அதில் உள்ளவை வெயில் பட்டு வளைந்துபோனவை. போட்டால் ஊசி போய்விடும்.

பழையதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? அம்மா முனகியதற்கெல்லாம் அர்த்தம் தேடாதே. அந்த நோயில் எல்லோரும் அப்படித்தான் முனகுவார்கள்.

தம்பி

—

ஜூன் 24

தம்பிக்கு,

உன் ஓட்டுநரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, மனிதர் வெறுங்கையோடு போனாலும் வெறும் மனதோடு போகவில்லை. வந்த நேரம் 133 ஓடிக்கொண்டிருந்தது, அந்த நகைச்சுவை நாடகத் தட்டு. கணவன் ஒளித்து வைத்த பொய்ப்பல்லை மனைவி தேடும் இடத்தில் அவர் வாசலில் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். “இன்னொரு பக்கம் இருக்காம்மா?” என்றார். இருந்தது. அட்டையில் ‘உடன் இருந்தவர்: வண்டிக்காரர்’ என்று எழுதியிருக்கிறேன். நீ போட்ட விதி விதிதான்.

கடைசிப் பெட்டியின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசைமேல் வைத்து ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட வளையவில்லை. என் வேலையே அதுதானே. ஆனால் போடவில்லை. வரிசையை மீற மாட்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 88இன் அட்டையில் உன் பழைய கையெழுத்தில் ‘உடன் இருந்தவர்: அக்கா’ என்று இருக்கிறது. எனக்கு மறந்தே போயிருந்தது. உனக்குக் காய்ச்சல், நான் ஈரத்துணி போட வந்தேன், வயலின் ஓடிக்கொண்டிருந்தது, “உக்காரு, முடியட்டும்” என்றாய். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதைக்கூட எழுதி வைத்திருக்கிறாய். அந்த மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டு அழுதேன் என்றால் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

ஆறு வருடமாக ஒருவர் மேல் ஒருவர் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ன கண்டோம்? நீ சொன்னதை நான் காதில் வாங்காமல் போனேன் என்றே இருக்கட்டும். ஒப்புக்கொள்கிறேன். நீ ஒரு நாள் வா. மிச்சத்தைச் சேர்ந்து கேட்போம். பிறகு வண்டி கொண்டுவந்து எடுத்துப் போ.

இப்போது 150. ராகம் இன்னும் கிடைக்கவில்லை.

அக்கா

—

ஜூன் 29

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். 88 எனக்கு ஞாபகம் இருக்கிறது. துணியைப் பிழியாமல் போட்டாய், தலையணை எல்லாம் நனைந்தது.

ஜூலை 6, சனிக்கிழமை வருகிறேன். உன்னிடம் நேரில் பேச வேண்டியது ஒன்றும் இருக்கிறது. நான் வரும்வரை 200ஐத் தாண்டாதே. இதை மட்டும் எனக்காகச் செய்.

தம்பி

—

ஜூலை 11

சனிக்கிழமை முழுக்கக் காத்திருந்தேன். உன் அறையைப் பெருக்கித் துடைத்து வைத்தேன். ஞாயிறும் காத்திருந்தேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. திங்கட்கிழமை மாலை 201ஐப் போட்டேன். நேற்றோடு முடிந்தது.

214. நீல உறை. கிளாரினெட். தபாலில் வந்த அட்டைப்பெட்டியின் முத்திரைத் தாள்கூட உள்ளேயே இருந்தது. அதன் அட்டையில் ஒரே ஒரு நாள்தான் எழுதியிருக்கிறாய். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 19. பக்கம் 1, மணி 3.10. பக்கம் 2, மணி 3.35. பக்கம் 2, மணி 4.00. பக்கம் 2, மணி 4.25. உடன் இருந்தவர்: யாரும் இல்லை.

ஆகஸ்ட் 19 என்ன நாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் தேதியைத் தப்பாக எழுதியிருப்பாய் என்று உனக்காக நானே வாதாடினேன். பிறகு தட்டைப் போட்டேன். இரண்டாம் பக்கம், மூன்றாவது இசை. மூன்று படி ஏறுகிறது, நிற்கிறது, ஒரு படி வழுக்கி இறங்குகிறது. நாலு வருடம் கஞ்சி புகட்டும்போதும், முதுகு துடைக்கும்போதும், தலை வாரும்போதும் நான் கேட்ட அதே ராகம். ஒருநாள் வந்து, அன்றைக்கே ஓடி, பிறகு யாரும் தொடாத தட்டு. அம்மா அதை வேறெங்கே கேட்டிருக்க முடியும்?

அதை மறுபடி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். நடையில் அந்தக் கறை இருக்கும் இடத்தில், அவள் கிடந்த மாதிரியே கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துப் பார்த்தேன். தெளிவாகக் கேட்கிறது. புதுத் தட்டு வந்தால் நீ சத்தமாகத்தான் வைப்பாய். உனக்கு அவள் குரல் கேட்டிருக்காது. அவளுக்கு உன் பாட்டு கேட்டது. மூன்று முறை கேட்டது.

இரண்டாவது கப் எனக்கு இல்லை. உனக்குத்தான் கொண்டுவந்தாள்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு நான் கேட்டபோது “இருக்கேன், போ” என்று சொன்னாயா, இல்லையா? கதை வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

—

ஜூலை 15

அக்காவுக்கு,

சொன்னேன்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன், இனி எழுதத் துணிச்சல் வராது. மூன்று மாதம் காத்திருந்த தட்டு அது. மூன்று மணிக்குச் சற்று முன் தபால்காரர் கொடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டேன். முடிந்ததும் தட்டை எடுத்தேன், துடைத்தேன், உறையில் போட்டேன், அட்டையை எழுதினேன். பிறகுதான் கதவைத் திறந்தேன். அவள் அங்கே கிடந்தாள்.

வண்டி பிடிக்கக் கீழே ஓடினேன். தெருமுனையில் நீ வந்துகொண்டிருந்தாய். “என்னடா?” என்றாய். “இப்பத்தான் வந்தேன், அம்மா விழுந்து கெடக்கா” என்று என் வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அக்கா. அந்த ஒன்றுக்கு முட்டுக் கொடுக்கத்தான் பின்னால் சொன்ன எல்லாமே. நீ அழுதுகொண்டு, “நான்தான் போயிருக்கக் கூடாது” என்று நீயே சொன்னபோது எனக்கு அது வசதியாகிவிட்டது. வசதியாகிவிட்டது என்றுதான் எழுத வேண்டும்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் அந்த அட்டையைக் கிழிக்க எத்தனையோ முறை எடுத்தேன். கை வரவில்லை. வாழ்க்கையில் அட்டையில் மட்டும் பொய் எழுதியதில்லை, எழுதிய அட்டையைக் கிழித்ததும் இல்லை. அதனால்தான் உன்னைக் கிழிக்கச் சொன்னேன். சனிக்கிழமை பஸ் நிலையம் வரை வந்தேன். ஏறவில்லை.

ஒரு ஆறுதல்தான் என்னை இத்தனை நாள் நடமாட வைத்தது. நான் உள்ளே இருந்தது அம்மாவுக்குத் தெரியாது. விழுந்த உடனே நினைவு போயிருக்கும். அந்த முனகல் வெறும் முனகல். நீ மனம் நொந்து அதில் ராகத்தைப் பொருத்திக்கொள்கிறாய். அதை மட்டும் என்னிடமிருந்து பிடுங்காதே.

214ஐ உடைத்துப் போட்டுவிடு. மற்றதெல்லாம் நீயே வைத்துக்கொள். எனக்கு வேண்டாம்.

தம்பி

—

ஜூலை 22

தம்பிக்கு,

“சொன்னேன்” என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன். ஆறு வருடமாக என் காதையே நான் நம்பவில்லை. கடையில் யாராவது பேசினால் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொள்வேன். அக்காவுக்குக் காது மந்தம் என்று சிரிப்பார்கள். என் காதில் ஒரு கோளாறும் இல்லை.

மற்றபடி, மறுபடியும் ஒரு பொய் எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ செய்த முதல் ஞாயிற்றுக்கிழமை போன் உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மா காதில் வைத்தேன். உன் குரலைக் கேட்டதும் அவள் அந்த ராகத்தை ஆரம்பித்தாள். முழுசாக, கடைசி வரை. நீ பேசவே இல்லை. அழுகிறாயாக்கும் என்று நினைத்து எனக்கே உன்மேல் இரக்கம் வந்தது. பிறகுதான் “லைன் சரியில்ல” என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது, உன் மூச்சுகூடக் கேட்டது. அடுத்த ஞாயிறும் அதே. அதற்கடுத்த ஞாயிறும் அதே. பிறகு மாதம் ஒருமுறை ஆனது, பிறகு அதுவும் நின்றது.

அந்த ராகம் எனக்குத்தான் தெரியாது. உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது உனக்கு முதல் நாளே தெரியும்.

அவள் உன்னைத் திட்டினாளா, “போடா, பரவாயில்லை” என்றாளா, எனக்குத் தெரியாது. நீ ஒரு தடவையாவது லைனில் நின்றிருந்தால் நீ கேட்டுக்கொண்டாய் என்றாவது தெரிந்துகொண்டு போயிருப்பாள். நாலு வருடம் எனக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பாட்டு என்று நினைத்து, “இன்னொரு தடவை பாடும்மா” என்று கேட்டிருக்கிறேன். இதற்கு நான் உன்னை மன்னிக்க மாட்டேன். வீட்டை விட்டுப் போனதைக்கூட மன்னித்துவிடுவேன், இதை மாட்டேன்.

இருநூற்றுப் பதின்மூன்றையும் நான் வைத்துக்கொள்கிறேன். நீ கொடுத்ததால் இல்லை, எனக்கு இப்போது கேட்கத் தெரியும் என்பதால். தச்சரைக் கூப்பிட்டு உன் அறைக் கதவைக் கழற்றிவிட்டேன். மாலையில் பாட்டு வீடு முழுக்க வருகிறது.

214ஐ உடைக்கவில்லை. லென்ஸ் அனுப்பும் பெட்டியில், நாலு பக்கமும் பஞ்சு வைத்துக் கட்டி உனக்கே அனுப்பியிருக்கிறேன். கீறல் விழாமல் வந்து சேரும். அட்டை உள்ளே இருக்கிறது. அட்டையில் பொய் இருக்கக் கூடாது என்பாய். ஆகஸ்ட் 19இல் ஒரே ஒரு இடம் தப்பாக இருந்தது. ‘யாரும் இல்லை’ என்பதை அடித்துவிட்டு ‘அம்மா’ என்று எழுதியிருக்கிறேன்.

எடுப்பதற்கு முன் கையைக் கழுவிக்கொள்.

அக்கா